சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் செயலி

அன்புள்ள தம்பிக்கு,

துக்கத்தில் இருப்பவர்களுக்கான உன் செயலிக்கு நீ அனுப்பிய திரை வரைவுகளை எல்லாம் பார்த்துவிட்டேன். நிறம், எழுத்துரு, இடைவெளி எதிலும் குறை சொல்ல முடியாது. தொழில் உன் கைக்கு வந்துவிட்டது. அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. இந்தச் செயலி துக்க வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் என் கவலை.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு நம் ஊரில் யாரும் பாடம் எடுப்பதில்லை. ஆனாலும் முறை எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டார் தாங்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும், பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து நடையைக் கட்ட வேண்டும். உன் செயலியோ மூடும்போது 'மீண்டும் சந்திப்போம்!' என்கிறது, ஆச்சரியக்குறி வேறு. எங்கள் பக்கத்துப் பாட்டி யாராவது பார்த்தால் ஃபோனைக் கிணற்றில் போட்டுவிடுவார்.

முதல் திரைக்கு வருகிறேன். இறந்தவர் பெயர், உறவு, இறந்த தேதி, காரணம் என்று நான்கு பெட்டிகள், நான்கிலும் சிவப்பு நட்சத்திரம். தேதிப் பெட்டி இன்றைய தேதியில் திறக்கிறது. கணவரை நான்கு மாதம் முன்பு இழந்த ஒரு அம்மா, கட்டைவிரலால் ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும், கணவர் உயிரோடிருந்த கடைசி மாதம் வரை. இடையில் கல்யாண நாள் வரலாம், பிறந்த நாள் வரலாம். அந்தப் பயணத்தை அவர் ஏன் உன்னோடு போக வேண்டும்? காரணம் கேட்கும் பெட்டி இன்னும் மோசம். மகனைத் தற்கொலையில் இழந்தவர் உன் பட்டியலில் அந்தச் சொல்லைத் தேடித் தொட்டால்தான் 'அடுத்து' என்ற பொத்தானே உயிர்பெறுகிறது. இறந்தவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் கேள், போதும். மற்றதெல்லாம் அவர்கள் சொல்ல நினைத்தால் சொல்லட்டும்.

பிறகு அந்த முன்னேற்றப் பட்டை. 'நிலை 2/5: கோபம்'. ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார், ஆனால் அவர் பேசிப் பார்த்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. அதை எடுத்து, பிழைத்திருப்பவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக்கியது பின்னால் நடந்தது. இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கினால் உன் பட்டை என்ன காட்டும்? தோற்றுவிட்டதாகவா? மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் நெதர்லாந்திலிருந்து 1999இல் முன்வைத்த கருத்து நம் வீடுகளில் நான் பார்ப்பதோடு எவ்வளவோ ஒத்துப்போகிறது. மனிதர்கள் இழப்பின் பக்கமும் பிழைப்பின் பக்கமுமாக மாறி மாறிப் போய்வருகிறார்கள், அந்தப் போக்குவரத்துதான் அவர்களைத் தாங்குகிறது என்கிறார்கள் அவர்கள்.

பிழைப்பின் பக்கத்தை நீ தொடவே இல்லை. 'இது மனநலச் செயலி, அதெல்லாம் வராது' என்று குறிப்பு எழுதியிருக்கிறாய். எனக்கு ஒப்புதல் இல்லை. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு, பிறகு வி.ஏ.ஓ. விசாரணை, தாசில்தார் அலுவலகம். குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், வங்கியில் நாமினி, குடும்ப ஓய்வூதியம். சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்கிறார். அது போய் விழுவது இறந்தவரின் ஃபோனில். அதைத் திறக்கும் பேட்டர்ன் அந்த அம்மாவுக்குத் தெரியாது. வாசலில் சிலிண்டரும், கையில் திறக்காத ஃபோனுமாக அவர் நிற்கும்போது உன் மூச்சுப்பயிற்சிப் பக்கத்தால் என்ன பயன்? எந்த அலுவலகம், எந்தத் தாள், எத்தனை நகல் என்று பெரிய எழுத்தில் சொல். அதே திரையில், படிவத்தை அப்படியே விட்டுவிட்டு அழப் போவதற்கும் வழி வை. திரும்பி வந்தால் நிரப்பியது நிரப்பியபடி இருக்கட்டும்.

அறிவிப்புகளைப் பற்றி. இணைய வடிவமைப்பாளர் எரிக் மேயர் 2014இல் ஆறு வயது மகளைப் பறிகொடுத்தார். அந்த டிசம்பரில் ஃபேஸ்புக் அவருக்கு 'உங்கள் ஆண்டு இப்படி இருந்தது' என்று மகளின் படத்தையே நீட்டியது, சுற்றிலும் ஆடிப்பாடும் பொம்மை உருவங்களோடு. அதைச் செய்த நிரல் யாருக்கும் கெட்டது நினைக்கவில்லை. எல்லோருக்கும் நல்ல ஆண்டுதான் என்று எண்ணியிருந்தது, அவ்வளவே. நீயும் ஆண்டு முடிந்ததும் தானாக 'முதலாம் நினைவு நாள்' அனுப்ப வைத்திருக்கிறாய். திதி பார்க்கும் வீட்டில் அந்த நாள் ஆங்கிலத் தேதியில் வராது, பஞ்சாங்கத்தில் வரும். உன் அறிவிப்பு திவசம் முடிந்த பிறகோ, அதற்கு முன்போ போய் நிற்கும். ஒரு வீட்டில் பதினாறாம் நாள், இன்னொரு வீட்டில் நாற்பதாம் நாள், வேறொரு வீட்டில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி. நாளை அவர்களே குறிக்கட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடு. 'மூன்று நாளாக உங்களைக் காணோமே' என்பதை இன்றைக்கே எடு.

இறந்தவரின் குரல் பதிவுகளைச் சேமிக்கும் யோசனை உன் வரைவிலேயே சிறந்தது. அதன் அவசரம் உனக்குத் தெரிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. 120 நாள் பயன்படாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டு, டிசம்பரில் அங்குள்ளவர்கள் வரிசையாகக் குழுக்களை விட்டு 'வெளியேறியதாக'க் காட்டியதே, அது இந்த விதியால்தான். இறந்தவர் எண்ணுக்கும் இதே கதிதான். நாலு மாதம் கழித்து ஒரு நாள் குடும்பக் குழுவில் 'அப்பா வெளியேறினார்' என்று ஒரு வரி வரும். கணக்கு போவதற்குள் எதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடு. செயலியை அழிக்கும்போது பதிவுகளை வெளியே எடுத்துக் கொடுக்காமல் அழிக்காதே. அந்தக் குரலை வைத்துப் புதிதாகப் பேசவைப்பதை மட்டும் கைவிடு. அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க நமக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை.

உரையாடல் பகுதியில் 'சாகணும்' என்று தட்டச்சு செய்தால் திரை சிவப்பாகும் ஏற்பாடு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 'என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா' என்று சொல்லி அழாத வீடு உண்டா? ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மணி அடித்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அடிக்காமலே விட்டால், உண்மையிலேயே முடிவு செய்துவிட்ட ஒருவர் கைநழுவிப் போவார். இதை நிரலிடம் மட்டும் விடாதே. பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவர் நேராகவே கேட்கலாம், 'உயிரை விட்டுடணும்னு தோணுதாம்மா?' என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆள் வைக்கக் காசில்லை என்றால் அந்த உரையாடல் பகுதியே வேண்டாம். 2022இல் தொடங்கிய அரசு மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில் நிற்கட்டும். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாகப் பணம். உன் கூட்டாளி ஏழு நாள் இலவசம், பிறகு தானாகப் பிடித்தம் என்கிறாராம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும். விளம்பரமும் ஆகாது. இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றிடம் பகிர்ந்தது என்ற புகாரில், 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 78 லட்சம் டாலருக்கு உடன்பட வேண்டியதாயிற்று. நோய்த்தணிப்புப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனைகளிடம் கேட்டுப் பார். தங்களிடம் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்க முன்வருவார்களா என்று. காப்பீட்டு நிறுவனம் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கிறது என்றாயே, அவர்கள் ஒப்பந்தத்தில் 'பயன்பாட்டு விவரம்' என்று எங்கே வருகிறது என்று தேடிப் படி. கையெழுத்துப் போடுமுன் எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்