எழுதுகோல்களும் எங்கள் மலையும்

சிலேட்டு, பலப்பம் என்று சொன்னாலே எங்கள் பாட்டிமாரின் முகம் மலர்ந்துவிடும். அந்நாளில் பள்ளிக்கூடத்துப் பை என்றால் அவ்விரண்டுதான். ஆந்திர மாநிலத்து மார்க்காபூர்ப் பகுதியில் வெட்டியெடுத்த பலகைக்கல் மரச்சட்டம் பூண்டு சிலேட்டாகி ஊரெல்லாம் சென்றது. எழுதியதை அழிக்கச் சமவெளிப் பிள்ளைகளுக்குக் கோவை இலை கிடைத்தது. எங்கள் பாட்டிமாருக்கு ஈரத்துணி; அதுவும் இல்லாவிட்டால் எச்சில்! (சிஸ்டர்மார் மன்னிப்பார்களாக.)

அம்மாமார் காலத்தில் தகர ஜியாமெட்ரி பெட்டி வந்தது. கவராயமும் கோணமானியும் மூலைமட்டங்களும் அதில் உறங்க, கூடவே ஒரு மயிலிறகும் உறங்கும். பென்சில் சீவிய தூளைத் தின்று அது குட்டி போடும் என்பது அக்காலத்து விஞ்ஞானம். மும்பையில் 1931-இல் தண்டேகர் சகோதரர்கள் மை தயாரிப்பில் தொடங்கிய நிறுவனமே பின்னர் கேம்லின் ஆயிற்று. 1958-இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனம் நடராஜ், அப்சரா பென்சில்களைத் தந்தது. ஆனால் வகுப்பில் மதிப்பு எதற்கு என்றால், சீனத்து ஹீரோ பேனாவுக்குத்தான். தங்கநிற மூடி சட்டைப்பையில் மின்னினால் அவர் பெரிய மனிதர்!

அந்தப் பேனா மலையேறும்போது மை கக்கியது. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக எழுதிய பேனா, குன்னூர் வந்து சேர்வதற்குள் சட்டையில் நீலப்பூப் பூக்கச் செய்துவிடும். ஏன்? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். உதகையில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. பாதி மை உள்ள பேனாவின் மீதிப் பாதியில் காற்று அடைபட்டிருக்கிறது. வெளியழுத்தம் குறையவே அக்காற்று விரிந்து, மையை நாக்கு வழியாக நிப்புக்குத் தள்ளுகிறது. இராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதியே இது. பேருந்தில் கொண்டுவரும் சிப்ஸ் பொட்டலம் பர்லியாறு தாண்டியதும் உப்புவதும் இதனால்தான். ஆகவே மலையேறுவோர் பேனாவில் மையை முழுக்க நிரப்ப வேண்டும். அல்லது முழுக்கக் காலி செய்ய வேண்டும். நிப்பு மேல்நோக்கி இருந்தால் காற்று மட்டும் வெளியேறும், மை தங்கும்.

எங்கள் சிறுவயது நாகரிகம் வேறு. காந்தம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி, பொத்தானை அழுத்தினால் துள்ளி வரும் துருவி, ஸ்டிராபெரி மணக்கும் ரப்பர். அழிக்க மனம் வராமல் முகர்ந்தே தேய்த்தோம்! இரண்டாம் வகுப்பில் அப்பெட்டி வைத்திருந்தவளைச் சுற்றிக் கூட்டம் கூடும். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் லயன் வீடு திரும்பும் தாயிடம் அதைக் கேட்க வாய் வராத தோழியரும் எங்களோடு படித்தார்கள். அவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். கைக்குள் அடங்கும் துண்டுப் பென்சிலைப் பழைய பேனாக்குழாயில் செருகி எழுதினாள் ஒருத்தி. அவளுடைய கையெழுத்துதான் கரும்பலகையில் தேதி எழுத முதலில் தேர்வு பெறும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தமிழக அரசு புத்தகப்பை, வண்ணப்பென்சில், ஜியாமெட்ரி பெட்டி முதலியவற்றை விலையின்றித் தருவது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பெட்டி என்றால் யாரைச் சுற்றிக் கூட்டம் கூடும்?

இப்போது எங்கள் கைகளில் இருப்பது பால்பாயிண்ட். மை தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். அம்மாமார் ஒரே பேனாவுக்கு ஆண்டுக்கணக்கில் மை ஊற்றினார்கள். மை தீர்ந்த தோழிக்குப் பெஞ்சின் மேல் இரண்டு சொட்டுக் கடனும் கொடுத்தார்கள். நீலகிரிக்கு வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பைகளில் மலையேறி வரும் பேனாக்களை எவரும் கேட்பதில்லை. அவை தீர்ந்தபின் தேயிலைச் சரிவுகளில் கிடக்கின்றன.