டவுன் சின்ட்ரோம்: கூச்சமின்றிக் கேட்போம்

டவுன் சின்ட்ரோம் கர்மவினையன்று, தாயின் குற்றமுமன்று. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என 1959இல் பாரிஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. பிறந்தவுடனேயே இதயப் பரிசோதனை அவசியம்.

உதவி கேட்க நம்மவர் கூச்சப்படுவதைக் காண்கிறோம். வொர்க் அண்ட் இன்கம் வழங்கும் சைல்ட் டிசபிலிட்டி அலவன்ஸ் என்னும் உதவித்தொகைக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. மருத்துவர் சான்று வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அப்சைட்டவுன்ஸ் அறக்கட்டளை பண உதவி செய்கிறது.

வீட்டில் தமிழை நிறுத்திவிடச் சொல்வோருண்டு. நாம் உடன்படவில்லை. இருமொழியில் வளரும் இத்தகைய குழந்தைகளின் ஆங்கிலம் அதனால் குன்றவில்லை என 2005இல் கனடா ஆய்வொன்று காட்டியது. வீட்டு மொழி தமிழ் என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டியும் பயிற்சியில் சேர்ந்துகொள்ளலாம்.