வீட்டுத் தோட்டத்தில் இனிப்புச் சோளம்

மாணவர்களே! இரவுச் சந்தையில் அவித்து விற்கப்படும் இனிப்புச் சோளத்தை நாம் விரும்பி உண்கின்றோம். அதனை நம் வீட்டுத் தோட்டத்திலேயே பயிரிடலாம். வெயில் நன்கு படும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மண்ணைக் கொத்தி, மட்கிய எருவிட்டு, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைகளை ஊன்றுதல் வேண்டும்.

சிலர் வேலியோரமாக ஒரே வரிசையில் நடுவர். செடிகள் செழித்து வளர்ந்தாலும், கதிரை உரித்துப் பார்க்கையில் மணிகள் இடையிடையே இல்லாதிருக்கும். காரணம் யாது? செடியின் உச்சியில் ஆண்பூ உள்ளது. அதன் மகரந்தம் காற்றால் பரவி, இளங்கதிரின் நுனியில் தொங்கும் பட்டுப் போன்ற இழைகளிற் படிய வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. மகரந்தம் பெறாத இழைக்கு மணியில்லை. ஒற்றை வரிசையில் மகரந்தத்தின் பெரும்பகுதி காற்றோடு வீணாகிவிடும். ஆகவே, நான்கு குறுகிய வரிசைகளாக அடுத்தடுத்து நடுதலே சிறந்தது.

இழைகள் தோன்றி ஏறத்தாழ 20 நாள்களில் அவை பழுப்பாகி உலர்ந்திருக்கும். அப்போது மணியை நகத்தாற் கீறினால் பால் வடியும். அதுவே பறிக்கும் பருவம். பறித்த பின்னர் மணியிலுள்ள சர்க்கரை சிறிது சிறிதாக மாவுப்பொருளாக மாறுவதால் இனிப்புக் குறையும். எனவே, அன்றே அவித்து உண்ணுங்கள். உழைத்து விளைவித்த கதிரை வீட்டாரோடு பகிர்ந்துண்ணும் இன்பத்தை நீங்களும் பெறுவீர்களாக!