15 டிகிரி தள்ளி நிற்கும் ஊசி

சென்னையில் காம்பஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு, காந்த ஒதுக்கம் என்பது பிளஸ் டூ இயற்பியலோடு முடிந்துபோன சமாச்சாரம். அங்கே ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 2 டிகிரிகூட வித்தியாசம் வராது. சியாட்டில் பக்கம் மலையேறப் போனால் அதே ஊசி ஏறக்குறைய 15 டிகிரி கிழக்கே தள்ளி நிற்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால், போக வேண்டிய இடத்திலிருந்து சுமார் 260 மீட்டர் விலகியிருப்பீர்கள். கேஸ்கேட் மலைக்காட்டின் அடர்த்தியில் அந்த தூரத்தில் ஓர் ஏரி இருந்தாலும் கண்ணில் படாது.

முதல் வேலை, எண்ணைத் தெரிந்துகொள்வது. அமெரிக்க அரசின் நிலவரைபடங்களில் கீழ் ஓரத்தில் விசிறிபோல் விரிந்த சில கோடுகள் இருக்கும். நட்சத்திரம் போட்டது உண்மை வடக்கு. ‘எம்என்’ என்று குறித்தது காந்த வடக்கு. கூடவே தாள் அச்சான ஆண்டையும் பாருங்கள். 1970-களின் தாளில் இதே வட்டாரத்துக்கு 20 டிகிரிக்கு மேல் போட்டிருக்கும். பூமிக்குள் உருகிய இரும்பு ஓயாமல் புரள்வதால் காந்த வடக்கும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான ‘நோவா’வின் இணையக் கணிப்பானில் இடமும் தேதியும் கொடுத்து இன்றைய எண்ணை எடுப்பதே நல்லது.

திருத்தும் வசதியுள்ள காம்பஸ் என்றால், கயிற்றில் தொங்கும் குட்டிச் சாவியால் திருகைத் திருப்பி, வட்டத்துக்குள் வரைந்திருக்கும் அம்பைக் கிழக்கு 15-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கணக்கே வேண்டாம். கொஞ்சம் காசு கூடினாலும் இதையே வாங்கச் சொல்வேன்.

அந்த வசதி இல்லையென்றால் மனக்கணக்குதான். வரைபடத்தில் ஏரி 70 டிகிரியில் இருக்கிறதா? 15 கழித்து, வட்டத்தை 55-இல் வையுங்கள். காம்பஸை நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, சிவப்பு முனை அம்புக்குள் அடங்கும்வரை உடம்போடு திரும்புங்கள். எதிரே ஒரு மரத்தைக் குறிவைத்து நடங்கள். செல்போன் ஊசிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

காம்பஸில் பார்த்ததை வரைபடத்துக்குக் கொண்டுபோகும்போது கணக்கு தலைகீழ். எதிரே தெரியும் சிகரம் காம்பஸில் 200 காட்டினால், 15 கூட்டி 215 என்று வரைபடத்தில் கோடு போட வேண்டும். இதெல்லாம் கிழக்கு ஒதுக்கத்துக்கு. மேற்கு ஒதுக்கமுள்ள ஊரில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறும். முதல் தடவை நான் கழிப்பதற்குப் பதில் கூட்டித் தொலைத்தேன். பிழை 30 டிகிரியானது. ஏரிக்குப் பதில் சதுப்பில் கால் வைத்தேன்.

ஊரிலிருந்து கொண்டுபோன காம்பஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வடக்கே போகப் போக ஊசியின் வடமுனை கீழே சாயும். நம் ஊருக்கென்று சமன்செய்த ஊசி அங்கே அடித்தட்டில் உரசி நின்றுவிடலாம். அந்த வட்டாரத்துக்கானதை வாங்குவதே சரி.

சந்தேகமிருந்தால், கூடாரம் போட்ட இரவில் வானம் தெளிந்ததும் துருவ நட்சத்திரத்தைக் குறிபாருங்கள். அது உண்மை வடக்கிலிருந்து அதிகம்போனால் ஒரு டிகிரி விலகும். திருத்திய காம்பஸில் 0-வை ஒட்டி வர வேண்டும், திருத்தாததில் 345. 330-ஐ ஒட்டி வந்தால் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறீர்கள்.