பழைய கணினி கொள்ளும் முறை

மதுரையின் பெரிய பேருந்து நிலையம் அமைந்துள்ள இடத்திற்கு மாட்டுத்தாவணி என்பது பெயர். தாவணியாவது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் கயிறு. அதனின்று மாட்டுச் சந்தைக்கும் அப்பெயர் ஆயிற்று. சந்தையில் உழவுமாடு கொள்ளப் புகும் குடியானவன் தோலின் மினுமினுப்பைக் கண்டு மயங்கான். வாயைத் திறந்து பல்லை எண்ணிய பின்னரே விலை பேசுவான். பிறர் கையாண்ட மேசைக் கணினியை வீட்டிற்கு வாங்க விரும்புவோர்க்கும் அவ்வழியே தக்கது. பல மாதம் சேமித்த பொருளை ஒருநாளில் கொடுக்கும் குடும்பத்திற்கு இஃது அற்ப விஷயமன்று.

பழைய கணினிக் கடைகளிற் பெரிதும் காணப்படும் டெல் ஆப்டிபிளக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் ஆகியவை அலுவலகங்களில் சில ஆண்டு உழைத்துக் கழிக்கப்பட்டவை. அவை உறுதியானவை, பெயரறியாப் பெட்டிகளினும் இவற்றையே யான் விரும்புவேன்.

கணினியின் பல் யாதெனின், அதன் செயலியின் எண். “ஐ5 ஐயா, நல்ல வேகம்” என்று கடைக்காரர் கூறுவது போதாது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையும் ஐ5-தான், அதற்குப் பல ஆண்டு பிந்தி வந்ததும் ஐ5-தான். அதன்பின் வரும் எண்ணை நோக்குக. 6500 என்பது ஆறாம் தலைமுறை, 8500 எட்டாவது, 10400 பத்தாவது. இதனை இத்துணை வற்புறுத்துவானேன் எனின், விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பவை, இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே. முந்திய இயந்திரத்தில் அதனை எவ்வாறேனும் புகுத்தித் தருவாரும் உளர். பிற்காலத் திருத்தங்கள் அதற்குத் தவறாது கிடைக்குமென்பதற்கு உறுதியில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழில்லாக் கதவுள்ள வீட்டில் நகையை வைப்பது போலாம்.

மலிவு கருதி ஆறாம் தலைமுறையே கொள்வோர் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அது நிரம்பப் போதும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. ஆயின், விண்டோஸில் மட்டும் இயங்கும் கணக்குச் செயலி முதலியன வேண்டுவோர்க்கு இவ்வழி உதவாது.

நினைவகம் 8 ஜிபி இருப்பின் வீட்டு வேலைக்குப் போதும். சுழலும் வன்தட்டு இருப்பின், அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதைப் போல வேகம் தருவது வேறில்லை. வட்டின் வயதையும் அறியலாம்: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவசச் செயலி அது உழைத்த மணிகளைக் காட்டும். இடைவிடாத ஓராண்டு 8,760 மணியாகும் என்பதை நினைவிற்கொண்டு கணக்கிடுக.

கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, மீண்டும் இயக்கும்போது தேதி பின்னோக்கிச் சென்றிருந்தால் அஞ்சவேண்டா. 3 வோல்ட் நாணய மின்கலம் ஒன்றே தீர்ந்தது. ஆயின், மூடியைத் திறக்கையில் மின்தேக்கிகளின் தலை புடைத்திருந்தாலோ, பயாஸ் கடவுச்சொல் கேட்டாலோ, வாங்காது திரும்புக. விசிறியிற் படிந்த தூசியைத் துடைப்பிக்க வேண்டும். நமது சித்திரை வெயிலில் தூசி அடைந்த கணினி தானே வேகம் குறைந்துவிடும்.

சிறு வடிவப் பெட்டிகளில் ஓர் இடர் உண்டு. அவற்றின் மின்வழங்கி தனி அளவினது. பழுதுற்றால் கடைத்தெருவிற் கிடைக்கும் பொது மின்வழங்கி பொருந்தாது. டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் உள்ளவற்றிற்கு, வீட்டிலுள்ள திரையை இணைக்க மாற்றி ஒன்றும் வேண்டியிருக்கும். இவ்விரு செலவையும் விலையோடு கூட்டிப் பேசுக.

இறுதியாக, இரசீதில் இயந்திரத்தின் வரிசை எண், செயலி, நினைவகம் மூன்றையும் எழுதுவித்துக்கொள்க. திருப்பித்தரும் கெடு எத்தனை நாள் என்பதும் அதிலேயே இருத்தல் வேண்டும்.