பேச்சு எங்கே நின்றுவிடுகிறது?

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து மலைக்கிராம மக்களுக்கு ஒரு செயலி செய்து, 'குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்க'ப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல ஆசைதான். ஆனால் அந்த மக்களோடு ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பார். அவர்களுக்கா பேச்சுக்குப் பஞ்சம்? பேசியதெல்லாம் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

சத்தீஸ்கரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கும் அக்கம்பக்க மாநிலங்களிலும் கோண்டி பேசுகிறவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 29 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் அம்மொழிக்கு இடமில்லை. ஊருக்கு வரும் அதிகாரிக்கும் நிருபருக்கும் பெரும்பாலும் அது புரியாது. பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்ஷு சௌத்ரி 2010-இல் அங்கே 'சிஜிநெட் ஸ்வரா' என்ற போன்வழிச் செய்திச் சேவையைத் தொடங்கினார்.

அதற்கு வேண்டியது சாதாரண பட்டன் போன் மட்டும். ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அதுவே திரும்ப அழைக்கும். செய்தி சொல்ல 1, பிறர் சொன்னதைக் கேட்க 2. எழுத்தும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பதிவானதை ஆசிரியர் குழு விசாரித்த பிறகே வெளியிடும்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படி. அடிபம்பு பழுது, நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்று சொல்பவர், அதைத் தீர்க்க வேண்டிய அதிகாரியின் எண்ணையும் சேர்த்துச் சொல்வார். எங்கோ நகரத்தில் கேட்டவர்கள் அந்த அதிகாரியை அழைத்து, "என்ன ஆச்சு சார்?" என்பார்கள். காரியம் முடிந்தால், குறை சொன்னவரே மறுபடி பேசி அதையும் பதிவு செய்வார்.

ஆகவே, நிரல் எழுத உட்காருமுன் ஊருக்குப் போ. வீட்டுக்கு எத்தனை போன், அது பெண்கள் கைக்கு எப்போது வருகிறது என்று பார். எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அந்த மொழியில் உன் கருவி பேசட்டும். பெயர் வெளியே தெரிந்தால் யாருக்கு அடி விழும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எதை வெளியிடலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று. இரண்டு வருடத்தில் நீங்கள் படிப்பை முடித்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவீர்கள். அப்போதும் அழைப்புகள் வரும். எடுத்துப் பேச அந்த ஊரிலேயே ஒருவர் பழகியிருக்க வேண்டும். முதலில் அவரைத் தேடு. செயலிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டிருந்தாயே, அதையும் அவரிடமே கேள்.

அன்புடன்,
பெரியப்பா