பாட்டிலில் கொப்பளிக்கும் தண்ணீர்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 30 வாரத்திலேயே வலி எடுத்துப் பிரசவம் ஆகிவிட்டது. பேத்தி 1,300 கிராம். பிறந்ததும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூக்கில் குழாய் வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நிமிடம் மானிட்டரில் ஆக்ஸிஜன் 72தான் இருந்ததாம். மாப்பிள்ளை பதறியிருக்கிறார், டாக்டர்கள் பதறவில்லை. இப்போது ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் குழாயை விட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி பகலாகக் கொப்பளிக்கிறது. “வென்டிலேட்டர் போடாமல் பாட்டிலை வைத்து ஏமாற்றுகிறார்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள்” என்கிறார் சம்பந்தி. மாற்றலாமா? ஏழு மாதம் பிழைக்கும், எட்டு மாதம்தான் தங்காது என்கிறார்களே, அதுவாவது நிஜமா?

- ஒரு பாட்டி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, அந்தப் பாட்டில் கொப்பளிப்பது நல்லதுதான். கொப்பளிப்பு நின்றால்தான் நர்ஸ் ஓடிவருவார்.

அறுபத்துமூவர் விழாவுக்கு மாட வீதியில் பேரன் பேத்திகளுக்கு பலூன் வாங்கி ஊதியிருப்பீர்கள். முதல் ஊதுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் விரிந்துவிட்டால் அப்புறம் சுலபம். நுரையீரலின் காற்றறைகளும் அப்படியே. நிறைமாதக் குழந்தைக்கு அவற்றின் உட்புறம் சோப்பு நீர் மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சர்ஃபாக்டன்ட் என்று பெயர். மூச்சை வெளியே விடும்போது அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். 34, 35 வாரம் ஆனால்தான் போதிய அளவு சேரும். உங்கள் பேத்திக்கு அது குறைவு. அப்படியே விட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் புதுப் பலூனை ஊதுகிற பாடு. சில மணி நேரத்தில் களைத்துப்போவாள்.

இங்கேதான் பாட்டில் வருகிறது. காற்றும் ஆக்ஸிஜனும் கலந்து மூக்குக்கு ஓயாமல் போகிறது. வெளியேறும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் நிற்கிறது. அவ்வளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வந்தாக வேண்டும். அந்த அழுத்தம் நுரையீரலுக்குள்ளும் தங்கும். பலூன் முழுக்கச் சுருங்காது. மூச்சை இழுத்து விடுவது உங்கள் பேத்தியேதான். இந்த முறையைப் பபிள் சிபேப் என்று சொல்வோம். வாயைத் திறந்து அழுதாலோ, குழாய் மூக்கிலிருந்து நழுவினாலோ காற்று அந்த வழியாகப் போய்விடும், பாட்டில் அடங்கிவிடும். குழாயைப் பிடித்திருக்கும் குல்லாயைச் சரிசெய்து, குழாயை நேராக்கி, இரண்டு துவாரத்துக்கும் நடுவே தோல் சிவந்திருக்கிறதா என்று நர்ஸ் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வார்டு எப்படி என்று தெரிய நான் மெஷினைப் பார்ப்பதில்லை. குழந்தையின் மூக்கைப் பார்ப்பேன்.

ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று சம்பந்தி நினைத்துவிட்டார். வென்டிலேட்டர் உயிர் காக்கும்தான், ஆனால் பிஞ்சு நுரையீரலுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அதில் காயம் பட்டு வடுவாகலாம். 25 முதல் 28 வாரத்துக்குள் பிறந்து, 5-ஆம் நிமிடத்தில் தானாக மூச்சு விட்ட 610 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. சிபேப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் 5 நாளில் வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் தொல்லை அவர்களிடம் கூடுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் கண்காணிப்பு.

அந்த 72? மூன்றாம் நிமிடத்துக்கு 70 முதல் 75 வரைதான் கணக்கு. கருவறையில் இருந்த அளவே குறைவு. 5-ஆம் நிமிடத்தில் 80-ஐத் தாண்டினால் போதும். அவசரப்பட்டு முழு ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால் கெடுதல். பிளாஸ்டிக் பை உடம்புச் சூடு போகாமலிருக்க.

எட்டு மாதக் கதையை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கூட இருந்தால் நுரையீரல் அந்த அளவு முற்றியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் எட்டு மாதக் குழந்தைகளும் இறந்தார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 34 வாரத்தில் பிறந்தான், 2.1 கிலோ. மூச்சுத் திணறி இரண்டே நாளில் போய்விட்டான். அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் அன்று சிபேப் கிடையாது. அது வந்தது 1971-இல்.

மாற்றுவதற்கு முன் அங்குள்ள டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் போகிறது?” 21-க்கும் 30-க்கும் நடுவில் நின்றால் அசைக்காதீர்கள். 30-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சர்ஃபாக்டன்ட் மருந்து தர யோசிப்பார்கள். அந்த மருந்தும் வென்டிலேட்டரும் அங்கே இல்லையென்றால் மட்டுமே மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். அப்போதும் காரில் மடியில் வைத்து அல்ல. பச்சிளங்குழந்தைகளுக்கான 108 ஆம்புலன்ஸில், சிபேப்பைக் கழற்றாமல்.

இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்கும் சொல்கிறேன்: 34 வாரத்துக்குள் வலி வந்தால், தி. நகர் நர்ஸிங் ஹோமில் பிரசவம் பார்த்துவிட்டுப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது மேல். அங்கே 1844-இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4. குழந்தையின் நுரையீரல் முற்ற உதவும். முதல் ஊசியைப் போட்டுவிட்டே கிளம்பலாம்.

உங்கள் பேத்திக்குத் தினமும் ஒரு மருந்து கொடுப்பார்கள், கஃபீன். காபியில் இருக்கும் அதேதான். மூச்சு விட மறந்துபோகும் குழந்தையை நினைவூட்டி எழுப்பும். மயிலாப்பூர்க் குழந்தைக்கு ஆச்சரியமா என்ன!

அப்புறம், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரலாம், ஆக்ஸிஜன் அதிகமானால் இன்னும். நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.